பண்டிதர் நைன் சிங்கும் திபெத்து மலைநாடும்

ஆசியாக் கண்டத்தின் படத்தை விரித்து நோக்குவார் கண்ணை முதற்கண் கவர்வது, அதன் நடுவே பழுப்பு நிறம் தீட்டப்பெற்ற பெரியதொரு மேட்டுநிலமாகும். தெற்கே இமயமும், மேற்கே காரகோரமும், வடக்கே குன்லுன் மலையும் அரண்போல் வளைந்து நிற்க, அவற்றிடையே 15,000 அடி உயரத்திற் பரந்து கிடக்கும் அந்நிலத்தில் ஏரிகளும் ஆறுகளும் கொடுமுடிகளும் தத்தம் பெயரோடு குறிக்கப்பட்டிருத்தலை இன்று நாம் இயல்பாகக் கொள்கின்றோம். ஆனால், 1860-ஆம் ஆண்டை ஒட்டி ஐரோப்பாவில் அச்சான படமொன்றைப் பார்ப்போமாயின், அவ்விடத்தில் சீனத்துப் பழைய படங்களைக் கொண்டு ஊகித்து வரைந்த சில கோடுகளும், எஞ்சிய பரப்பெல்லாம் வெறுங்காகிதமுமே தென்படும். அவ்வெறுமையைத் தம் காலடியால் அளந்து நிரப்பியவர் பெரிய படைத்தலைவரும் அல்லர். செல்வச் சீமானும் அல்லர். மலையோரக் கிராமமொன்றில் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பித்து வந்த ஓர் உபாத்தியாயர்.

இந்தியாவை அளக்கும் பெரும்பணி நம் சென்னைக்கருகிலேயே தொடங்கிற்றென்பதை நம்மிற் பலர் மறந்துவிட்டோம். 1802-ஆம் ஆண்டில் லாம்ப்டன் என்பார் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளந்தார். அதனின்று முக்கோணம் முக்கோணமாகப் பின்னிக்கொண்டு வடக்கு நோக்கிச் சென்ற அளவை, அவருக்குப்பின் எவரெஸ்ட் முதலியோர் காலத்தில் இமயத்தின் அடிவாரத்தை எட்டிற்று. சமவெளியில் நின்றபடியே தியோடலைட்டைத் திருப்பி, எல்லையிலுள்ள சிகரங்களின் உயரத்தையும் கணித்தனர். ஆயினும், முகட்டுக்குப் பின்னால் இருப்பதைக் காண அக்கருவிக்குக் கண் இல்லை. திபெத்து அரசோ அயலாரைத் தன் எல்லைக்குள் விடுவதில்லை. ஐரோப்பியரின் நிறமும் முகமும் முதற்காவலிலேயே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே, பரங்கிமலையில் தொடங்கிய முக்கோணங்கள் பனிமலையில் முட்டி நின்றுபோயின.

குமாவுன் நாட்டின் வடகோடியில், நந்தாதேவி என்னும் பெருஞ்சிகரத்தின் கீழ்ப்புறத்தே, ஜோகார் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. பனியாறு ஒன்றின் வாயினின்று கோரி கங்கை வெளிப்படும் இடத்திற்கு அண்மையில், 11,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மிலம் என்னும் ஊர் அமைந்துள்ளது. அங்கே 1830-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் நாள் நைன் சிங் ராவத் பிறந்தார். அவ்வூரார் போட்டியர் எனப்படும் வணிக மக்கள். கோடையில் மிலத்தில் வாழ்வர். பனி இறங்கும் முன்னரே மூட்டை முடிச்சுகளோடு தாழ்ந்த ஊர்களுக்குச் சென்றுவிடுவர். தானியமும் துணியும் வெல்லமும் ஆட்டு முதுகில் ஏற்றி, ஊண்டா தூரா முதலாகிய மூன்று கணவாய்களை அடுத்தடுத்துக் கடந்து திபெத்துச் சந்தையை அடைவர். உப்பும் வெண்காரமும் கம்பளியும் ஏற்றித் திரும்புவர். அக்கணவாய்கள் 17,000 அடிக்கு மேற்பட்டவை. இடையிற் புயல் பிடித்தால் ஆடும் ஆளும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். இத்தகைய வழியில் தந்தையோடு இளமையிலேயே சென்றுவந்த நைன் சிங்குக்குத் திபெத்து மொழி வீட்டுமொழி போலாயிற்று. அந்நாட்டாரின் உணவு, உடை, வழிபாடு யாவும் பழகின. அரசினர் கதவை அடைத்திருந்தனரென்றால், அக்கதவில் இவர்களுக்கு மட்டும் ஒரு திட்டிவாசல் திறந்திருந்தது.

1855-ஆம் ஆண்டில் ஷ்லாகின்ட்வைட் என்னும் ஜெர்மானியச் சகோதரர் இமயத்தை ஆராய வந்தபோது, நைன் சிங் அவர்களுக்கு வழித்துணையாகச் சென்று கருவிகளைக் கையாளும் முறையைச் சிறிது கண்டறிந்தார். பின்னர் ஊர் திரும்பி, மிலத்தில் அரசினர் பாடசாலையில் ஆசிரியரானார். பண்டிதர் என்ற பெயர் அவருக்கு வந்தது அத்தொழிலாலேயே. அவரைப் பின்பற்றி, அப்பணியிற் சென்ற அனைவரையும், ஏட்டைத் தொட்டிராதவரையுங் கூட, பண்டிதர் என்றே நில அளவைத் துறையார் அழைக்கலாயினர். நம் ஆசிரியப் பெருமக்கள் இதனைக் கேட்டு மகிழலாம்.

எல்லைக்கு அப்பால் ஐரோப்பியர் செல்லலாகாதெனின், எல்லைப்புற மக்களையே பழக்கி அனுப்பலாகாதோ என்று எண்ணியவர் கேப்டன் மாண்ட்கோமரி. குமாவுனின் கல்வியதிகாரியாயிருந்த ஸ்மைத் என்பார் நைன் சிங்கையும் அவர்தம் உறவினர் மணி சிங்கையும் தெரிந்தனுப்ப, 1863-ஆம் ஆண்டில் இருவரும் டேராடூனை அடைந்தனர். மாதம் 20 ரூபாய் சம்பளம். இரண்டு ஆண்டுகள் பயிற்சி.

அப்பயிற்சியில் முதன்மையானது நடையே. மேட்டில் ஏறினும், பள்ளத்தில் இறங்கினும், பாறையில் மிதிப்பினும், ஒவ்வோரடியும் ஒரே நீளமாக விழவேண்டும். ஏறத்தாழ 2,000 அடி வைப்பு ஒரு மைலாக வரவேண்டும். அடிகளை எண்ணுவதற்குப் பௌத்தர் கையில் உருட்டும் செபமாலை உதவிற்று. அம்மாலையில் மணிகள் 108 இருத்தல் மரபு. இவர் கையில் இருந்ததிலோ நூறே மணிகள். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒருமுறை சுற்றி வரும்போது பதினாயிரம் அடி, அதாவது ஐந்து மைல், கடந்தாயிற்று. குறைந்த எட்டு மணிகளை யார் எண்ணிப் பார்க்கப் போகின்றனர்? இதனைப் படித்தபின் நாமும் நண்பரொருவரும் ஒரு மாலை நம் கல்லூரி விளையாட்டு வெளியை இம்முறையில் அளக்கப் புகுந்தோம். மூன்றாவது நூற்றிலேயே யாரோ குறுக்கே வந்து நலம் விசாரிக்க, எண்ணிக்கை பறந்துவிட்டது. நண்பர் அளவு ஒன்று, நம் அளவு மற்றொன்று. பனிக்காற்றில், கூட்டத்தோடு பேசிக்கொண்டே, ஐயம் எழாவகை நாள் முழுவதும் எண்ணிய மனத்தின் ஒருமையை அன்றுதான் நாம் ஒருவாறு உணர்ந்தோம்.

அளந்ததை எழுதிவைக்க வேண்டுமன்றோ? திபெத்தியர் கையிற் சுழற்றும் செபச்சக்கரத்தினுள் மந்திரம் எழுதிய சுருள் இருக்கும். இவரது சக்கரத்தினுள் இருந்தது வெண்டாள். திசைகாட்டியும் அதனுள் ஒளிந்திருந்தது. சக்கரம் தெய்வத்தன்மை வாய்ந்ததாதலின் சுங்கக் காவலர் அதனைத் தீண்டார். யாரேனும் நெருங்கி வந்தால், வழிபாட்டில் ஆழ்ந்தவர்போற் சக்கரத்தைச் சுழற்றத் தொடங்கினாற் போதும். வந்தவர் விலகி நிற்பர். விண்மீனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவி பெட்டியின் கள்ள அடித்தட்டினுள் இருந்தது. அதற்கு மட்டம் தெரியவேண்டும். மலைகள் சூழ்ந்த நாட்டில் அடிவானம் ஏது? ஆகவே, சோழிகளுக்குள் அடைத்துக் கொண்டுசென்ற பாதரசத்தை இரவிற் கிண்ணத்தில் ஊற்றி, அதில் தோன்றும் விண்மீனின் நிழலுக்கும் வானத்து மீனுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்து, அதிற் பாதியைக் கொண்டார். அதனால் அட்சரேகை கிடைத்தது. உயரம் அறிவதற்கு வெப்பமானியும் கொதிநீரும் போதும். மேலே செல்லச் செல்ல, ஏறத்தாழ ஐந்நூறு அடிக்குச் சிறிது மிகுந்த உயரத்திற்கு ஒரு பாரன்ஹீட் பாகை வீதம் நீரின் கொதிநிலை குறையும். கடற்கரையில் 212 பாகையிற் கொதிக்கும் நீர் 12,000 அடி உயரத்தில் 190 பாகையளவிலேயே கொதித்துவிடும். தேநீருக்கு உலை வைப்பவரை யார் ஐயுறுவர்!

1865-ஆம் ஆண்டு சனவரியில் உறவினர் இருவரும் புறப்பட்டு, மார்ச்சு மாதத்தில் நேபாளத்துக் காட்மாண்டுவை அடைந்தனர். அங்கிருந்து கீரோங் என்னும் எல்லையூர் வழியாகச் செல்ல முயன்றபோது, காவலர் மூட்டைகளைச் சோதித்தனர். கருவிகள் அகப்படவில்லை; ஆனாலும் சொன்ன காரணத்தில் நம்பிக்கை பிறவாமையால் திருப்பியனுப்பப்பட்டனர். மணி சிங் வேறு வழி நாடிப் பிரிந்தார். நைன் சிங் மனந்தளரவில்லை. சடைப்பின்னல் தரித்து லடாக்கு வணிகர் கோலம் பூண்டு, மீண்டும் அதே கீரோங்கை அடைந்தார். லாசாவுக்குச் செல்வதில்லை, சென்றால் தலை போவதாக என்று அங்கே உறுதிமொழி எழுதிக்கொடுத்த பின்னரே மேற்செல்ல விடப்பட்டார்.

செப்டம்பரில் சாங்போ ஆற்றங்கரைச் சாலையிலுள்ள தாடும் என்னும் இடத்தை அடைந்து, அவ்வழியாக லாசாவுக்குச் சென்ற லடாக்கு வணிகக் கூட்டமொன்றோடு சேர்ந்தார். மானசரோவருக்கு அண்மையிற் பிறந்து, இமயத்திற்கு வடபுறமாக அதனோடு ஒட்டியே கிழக்கு நோக்கி ஓடும் சாங்போவின் பெரும்பள்ளத்தாக்கே அந்நாட்டின் நடுநரம்பு. சாலையும் ஆறும் இணைந்தே செல்கின்றன. ஓரிடத்திலிருந்து சிகாட்சே நகர் வரையில் ஆற்றிற் படகுப் போக்குவரவு உண்டு. களைத்தவர் எவரும் படகைத்தானே விரும்புவர்? நம் பண்டிதர் கரைவழியே நடந்தார். படகிற் சென்றால் மணிமாலை நின்றுவிடும் அன்றோ!

சிகாட்சேயில் தாசிலுன்போ மடத்துத் தலைவரான பஞ்சன் லாமாவைக் கூட்டத்தாரோடு சென்று வணங்கவேண்டி நேர்ந்தது. அவர் பிறர் உள்ளத்தில் உள்ளதை அறிவார் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. உள்ளத்தில் ஒளித்து வைக்கவேண்டியதை மிகுதியாக உடைய பண்டிதர் நடுங்கிக்கொண்டே சென்றார். அரியணையில் வீற்றிருந்தவரோ பதினோரு வயதுச் சிறுவர். அரசர் நலமா, நாடு செழிப்பா, நீர் நலமா என்னும் வழக்கமான மூன்று வினாக்களோடு ஆசி முடிந்தது. பள்ளியாசிரியர்க்கு அப்போதுதான் மூச்சு வந்திருக்கும்.

1866-ஆம் ஆண்டு சனவரி 10-ஆம் நாள் லாசா நகரை அடைந்து, ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார். தலாய் லாமாவையும் கண்டார். கைப்பொருள் கரைந்தமையால், நேபாள வணிகர்க்குக் கணக்கெழுதக் கற்பித்து வயிறு வளர்த்தார். உபாத்திமைத் தொழில் எங்கும் கைவிடவில்லை. ஆனால், அச்சம் நாளுக்குநாள் வளர்ந்தது. காசுமீரத்து வழிவந்த இசுலாமிய வணிகர் இருவர் அவர் யாரென்பதைக் கண்டுகொண்டனர். அவர்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். அவர்களோ வாய் திறவாமல், அவருடைய கடிகாரத்தை அடகாகப் பெற்றுப் பணமும் கொடுத்துதவினர். இசைவின்றி நகருட் புகுந்த சீனர் ஒருவர் பலர் காணத் தலைவெட்டப்பட்டதைப் பண்டிதர் கண்ணாரக் கண்டார். அதன்மேலும், எந்த அதிகாரியிடம் தலையைப் பணயம் வைத்து எழுதிக்கொடுத்தாரோ, அந்தக் கீரோங் அதிகாரியே ஒருநாள் லாசாத் தெருவில் எதிரே தென்பட்டார்! பண்டிதர் உடனே இருப்பிடத்தை மாற்றிக்கொண்டு, வெளிவருதலையும் குறைத்தார். இத்தனைக்கும் இடையே இரவுதோறும் பாதரசக் கிண்ணத்தை வைத்து விண்மீனை நோக்குவதை மட்டும் விட்டாரில்லை.

அவர் கண்ட லாசாவின் அட்சரேகை 29 பாகை 39 கலை 17 விகலை. நுட்பக் கருவிகளால் இன்று காண்பதும் 29 பாகை 39 கலையே. உயரம் ஏறத்தாழ 11,700 அடி எனக் கண்டார். இன்றைய கணக்கு 12,000 அடிக்குச் சிறிது குறைவு. கொதிநீரில் வெப்பமானியை இட்டுக் கண்ட அளவு இவ்வளவு நெருங்கி வந்ததே வியப்பு. ஏப்ரலிற் புறப்பட்டு, சாங்போவின் கரையோடே மேற்கு நோக்கி மானசரோவர் வழியாகத் திரும்பி, 1866-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் டேராடூனை அடைந்தார். அளந்த வழி 1,200 மைல். அடிகள் 25 இலட்சம். தென் திபெத்தின் பெருஞ்சாலையும், சாங்போ ஆற்றின் மேற்பகுதி முழுவதும் முதன்முறையாகப் படத்தில் உறுதியான இடம் பெற்றன.

மறு ஆண்டே மணி சிங்கும் மற்றோர் உறவினரும் உடன்வர, மானா கணவாயைக் கடந்து மேற்குத் திபெத்தின் பொன்வயல்களைக் காணச் சென்றார். தோக் ஜாலுங் என்னும் சுரங்கவூர் 16,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், காற்றுக்கு மறைவில்லா வெளியிற் கிடந்தது. குளிருக்கு அஞ்சிக் கூடாரங்களைக் குழி தோண்டி அதனுள் அமைத்திருந்தனர். அங்குள்ளோர் மல்லாந்து படுப்பதில்லை; முழங்காலையும் முழங்கையையும் ஊன்றிக் குனிந்தவாறே, துணிகளை முதுகின்மேற் குவித்துக்கொண்டு உறங்கினர். பொன் எடுப்பவர் வாழ்வு அவ்வளவு பொன்னானது!

1874-ஆம் ஆண்டில் அவர் மேற்கொண்ட கடைசிப் பயணமே நிலநூலார்க்கு மிகுந்த பயன் தந்ததென்பது நம் கருத்து. அப்போது அவருக்கு வயது நாற்பத்துநான்கு ஆகவிருந்தது. உடலும் முன்போல் இல்லை. டிராட்டர் என்னும் அதிகாரியின் ஏற்பாட்டின்படி, சூலை மாதத்தில் லடாக்கின் தலைநகரான லே நகரினின்று பௌத்தத் துறவி வேடத்திற் புறப்பட்டார். மூட்டை சுமக்க 26 ஆடுகள். இளமையில் மிலத்திற் கண்ட பழக்கம் இங்கே கைகொடுத்தது. ஆட்டுக்குத் தீனி கொண்டுசெல்ல வேண்டா, வழியே மேய்ந்துகொள்ளும், உணவு தீர்ந்தால் அதுவே உணவாகவும் ஆகும். அவற்றில் நாலைந்தே லாசாவரை சென்றடைந்தன.

முதற் பயணத்திற் சென்றது சாங்போவின் பள்ளத்தாக்கு வழி. இம்முறை சென்றதோ அதற்கு வெகுதூரம் வடக்கே, சாங் தாங் எனப்படும் மேட்டுவெளி வழி. பாங்கோங் ஏரியைக் கடந்தபின் மாதக்கணக்காகக் கிழக்கு நோக்கி நடந்தார். மரமென்பதே இல்லை, குட்டைப் புல்லும், மான்கூட்டங்களும், இடையரின் கருங்கூடாரங்களுமே. ஏரிக்குப்பின் ஏரியாகச் சங்கிலித் தொடர்போல் வந்துகொண்டிருந்தன. அவற்றிற் பல உவரேரிகள். ஏனெனில், அந்நிலத்து ஆறுகள் கடலை அடைவதில்லை. உள்நாட்டு ஏரிகளிற் சென்று விழுந்து, வெயிலில் வற்றி, உப்பை மட்டும் விட்டுப் போகின்றன. தெற்கே தொலைவில் பனிமுடிகள் நிரை நிரையாக அவரோடு தொடர்ந்து வந்தன. அவை இமயம் அல்ல. சாங்போவுக்கு வடக்கே நிற்கும் வேறொரு தொடர். தர்கோ சிகரங்களையும், அவற்றின் வடபுறத்துள்ள தாங்ரா ஏரியையும், வான் ஏரி எனப் பொருள்படும் நாம் ட்சோவையும், அதன் கரையில் ஓங்கிய நியென்சென் தாங்லா மலையையும் இடம் குறித்து எழுதினார். தெற்கே வழியும் நீர் கடலுக்கும், வடக்கே வழியும் நீர் ஏரிக்குமாகப் பிரிக்கும் பெருவரப்பு இம்மலைத் தொடரே. முப்பது ஆண்டுகளுக்குப்பின் ஸ்வென் ஹெடின் என்னும் சுவீடியர் இதனைக் குறுக்கே பலமுறை கடந்து, இமயத்திற்கப்பாலுள்ள மலை என்று பெயரிட்டுப் புகழ்பெற்றார். அப்புகழை நாம் குறைக்க விரும்பவில்லை. ஆயினும், அதன் வடபுறத்தை ஆட்டுமந்தையோடு சென்று முன்னரே வரைந்துவைத்தவர் ஒருவர் உண்டென்பதை நம் பாடநூல்கள் சொல்லாமல் விடுவது முறையன்று.

நவம்பரில் லாசாவை அடைந்ததும், லேயில் தம்மை அறிந்திருந்த ஒருவரைக் கண்டு அஞ்சி, இரண்டு நாளிலேயே வெளியேறினார். அதுகாறும் எழுதிய குறிப்புகளை ஆட்கள் இருவர் வசம் லேக்கு அனுப்பிவிட்டார். தாம் மடியினும் அளவு மடியலாகாது என்பது அவர் எண்ணம் போலும். தெற்கே சென்று சாங்போவைக் கடந்து, இமயத்தின் கீழ்க்கோடியில் உள்ள தவாங்கை அடைந்தபோது, அங்கிருந்தோர் இரண்டு மாதத்திற்கு அணித்தாக அவரை மேற்செல்ல விடாமல் நிறுத்திவைத்தனர். 1875-ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் அசாமிலுள்ள உதால்குரியில் வந்து இறங்கினார். ஆயிரத்து முந்நூறு மைலுக்கு மேல் அளந்திருந்தார். உயரம் கண்ட இடங்கள் ஏறக்குறைய ஐந்நூறு. கண்பார்வையோ பெரிதும் கெட்டிருந்தது. அதன்பின் அவர் நெடும்பயணம் செல்லவில்லை. பின்வருவோரைப் பழக்கும் பணியில் அமர்ந்தார். பின்னாளில் வட திபெத்தை அளந்து புகழ்பெற்ற கிஷன் சிங் அவர் உறவினரே.

1877-ஆம் ஆண்டில் இலண்டன் அரச நிலநூற்கழகம் தன் தங்கப்பதக்கத்தை அவருக்கு அளித்தது. அரசினர் பட்டமும், சமவெளியில் ஒரு கிராம மானியமும் தந்தனர். முதற் பயணத்தின் விவரம் வெளியானபோது அவருடைய பெயரை வெளியிடாமல், பண்டிதர் என்ற சொல்லாலேயே குறித்திருந்தனர். மீண்டும் செல்லவேண்டியவராதலின் அம்மறைவு அவர் உயிருக்குக் காப்பாயிற்று.

இவ்விடத்தில் நம் மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாட்டார் வணங்கும் செபமாலையையும் சக்கரத்தையும் அளவுகோலாக்கி, அவர்கள் இட்ட உணவையும் உண்டு, அவர்கள் விரும்பாத செயலைச் செய்தது முறையோ? அறிவுக்காகச் செய்தார் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவரை அனுப்பியவர்க்கு அறிவோடு ஆட்சியும் வேண்டியிருந்தது. 1904-ஆம் ஆண்டில் யங்ஹஸ்பண்டின் படை லாசாவினுட் புகுந்தபோது, அந்நாட்டைப் பற்றிப் பண்டிதர்கள் திரட்டிய செய்திகள் ஆங்கிலேயர் கையில் இருந்தன. நைன் சிங் தாம் வஞ்சித்த மக்களை எங்கும் இகழ்ந்தாரல்லர். அவர்தம் ஊர்களையும் தொழிலையும் துன்பத்தையும் பொறுமையோடு குறித்து வைத்தார். அதனாற் குற்றம் நீங்கிவிடுமென்று நாம் சொல்லவில்லை. கீரோங்கில் எழுதிக்கொடுத்த உறுதிமொழி உறுதிமொழிதான். லாசாவின் அட்சரேகையும் அட்சரேகைதான். ஒன்றை மறைத்து மற்றொன்றைப் பாராட்ட நமக்கு மனம் வரவில்லை.

அவர் மறைந்த ஆண்டு 1882 என்று சில நூல்களும், 1895 என்று வேறு சில நூல்களும் கூறுகின்றன. 25 இலட்சம் அடிகளில் ஒன்றும் தவறாமல் எண்ணியவருக்கு நாம் செய்த கணக்கு இவ்வளவுதான். 1962-ஆம் ஆண்டுப் போரினால் ஜோகார் வழியே நடந்த திபெத்து வாணிகம் நின்றுபோயிற்று. மிலத்து மக்கள் பெரும்பாலும் கீழூர்களிலே தங்கிவிட, கூரை சரிந்த கல்வீடுகளே அங்கு மிகுதியாயின. 2004-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையொன்றை வெளியிட்டது. இன்றும் கோடை தோறும் சில குடும்பத்தார் மிலத்துக்கு ஏறிச்சென்று, பனி இறங்கும் முன் திரும்பி வருகின்றனர்.